பச்சைத் திரையைக் கழற்ற வேண்டாம்

இந்தக் கார்த்திகை பிறந்த வாரத்தில் எனக்கு ஒரு போன் வந்தது. மருதேரிப்பட்டுக் கழிவுநீர் நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் பொறியாளர் பேசினார். நான் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. பழைய ஆள் யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். முதலில் நிலையத்தின் பெருமையெல்லாம் சொன்னார். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க இப்போது ஒரு கம்பியை உள்ளே விட்டால் போதுமாம், எண் தானாக வந்துவிடுமாம். நல்லது, கையில் ஆசிட் படாத வேலை என்றேன். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"மேடம், பாதையோரமா நம்ம வேலியில ஊர்க்காரங்க ஒரு பச்சைத் துணி கட்டி வெச்சிருக்காங்க. வருஷா வருஷம் தீபத்துக்கு முன்னாடி ஒரு டீக்கடைக்கார அம்மா வந்து புதுசு மாத்தறாங்க. ஏன்னு கேட்டா, எப்பவும் கட்டறதுதான்னு சொல்றாங்க. மேலதிகாரி பார்வைக்கு வராரு. கழட்டிடலாமா?"

கழற்ற வேண்டாம், ஏன் என்று எழுதி அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொல்லியிருந்தால் பாதியில் அழுதிருப்பேன், அந்தப் பிள்ளை பயந்து போயிருக்கும். அதனால்தான் இந்தக் கட்டுரை. மற்றவர்களும் படிக்கட்டும்.

நான் வேலூரில் வேதியியல் படித்தேன். சென்னையில் சில மாதம் தண்ணீர் சோதனைக்குப் பயிற்சி கொடுத்து, எழுபதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஆய்வுக்கூடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அலுவலகத்துக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு மேசை, பாதி மலை தெரிகிற ஒரு ஜன்னல். ஊற்றுக் கிணறு முதல் ஊர்ச் சாக்கடை வரை எல்லாத் தண்ணீரும் அந்த மேசைக்குத்தான் வரும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா "தண்ணி இலாகா" என்பார். எந்தத் தண்ணீர் என்று சொல்ல மாட்டார். கடைசியில் வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் நேராக என்னிடமே கேட்டார், எந்தத் தண்ணீர் என்று. எல்லாத் தண்ணீரும்தான் என்றேன். சிரித்துவிட்டார். அவரையே கட்டிக்கொண்டேன்.

அந்தக் காலத்து ஆக்சிஜன் சோதனையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் அதற்கு வேலை இருக்கிறது. கண்ணாடி மூடி போட்ட சிறு புட்டி ஒன்று. அதைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, ஒரு குமிழிகூட உள்ளே தங்காமல் மெல்ல நிரப்ப வேண்டும். மூடியைத் தண்ணீருக்குள்ளேயே போட வேண்டும். வெளியே எடுத்து, உடனே இரண்டு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகப் புட்டியின் அடிவரை விட்டு, மறுபடி மூடித் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். உள்ளே திரி திரியாக ஏதோ உருவாகி அடியில் இறங்கும். அது பழுப்பாக இருந்தால் தண்ணீரில் மூச்சு இருக்கிறது. வெள்ளையாக இருந்தால் மூச்சு இல்லை. பழுப்பான புட்டியில் ஆசிட் விட்டால் தெளிந்து டீ நிறத்துக்கு வரும். எவ்வளவு என்பதை ஆய்வுக்கூடத்தில் போய்க் கணக்குப் பார்க்கலாம். ஆனால் இருக்கிறதா இல்லையா என்பதைக் குளக்கரையில் வைத்தே யாரும் கண்ணால் பார்த்துவிடலாம்.

புட்டிகளை வைக்கோல் திணித்த மரப்பெட்டியில் அடுக்கி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். மலையைச் சுற்றி வருகிற பஸ்ஸில் புட்டியில் தண்ணீர் கொண்டு வந்தால் நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ஒருநாள் பக்கத்து சீட்டு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைக் குழித்து நீட்டிவிட்டார். எந்தத் தீர்த்தம் என்று வேறு கேட்டார். விடுதிச் சாக்கடை என்று சொன்னதும் எழுந்து போய் டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டார். அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன். பின்னால் இதே சமாசாரம் பெரிய வடிவில் வந்து நிற்கும் என்று அப்போது தெரியாது.

எங்கள் மேலதிகாரி சபாபதி சார். ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். ஓர் இடத்துக்குப் போனால் முதலில் எதையும் கேட்க மாட்டார். காற்று வீசும் பக்கமாகப் போய் நின்று, கண்ணை மூடி மோந்து பார்ப்பார். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "என்னம்மா, என்ன சொல்லுது?" என்பார். தண்ணீர் அவரிடம் ஏதோ குறை சொல்ல வந்திருப்பதுபோல இருக்கும் அந்தக் கேள்வி. சாக்கடை என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. "பயன்பட்ட தண்ணி" என்றுதான் சொல்வார். யாராவது கூட்டத்தில் கத்தினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கத்துகிறவர் ஓயும் வரை துடைப்பு நடக்கும். கடைசியில் மாட்டிக்கொண்டு "பாக்கலாம்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குச் சரி, முடியாது, யோசிக்கணும் என்று மூன்று அர்த்தம் உண்டு. எது என்று தெரிந்துகொள்ள எனக்கே வருஷக்கணக்கு ஆயிற்று.

இனி மருதேரிப்பட்டு. கிரிவலப் பாதையை ஒட்டிய சின்ன ஊர். விவசாயம், கறவை மாடு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாதையோரம் கொஞ்சம் வியாபாரம். ஊரின் மேட்டுப் பக்கம் ஒரு சத்திரமும் மாணவர் விடுதியும் இருந்தன. அங்கிருந்து வரும் கழிவுநீரும் வீட்டுத் தண்ணீரும் தெருவோடு ஓடி, பள்ளத் தெருவில் இருந்த குடிநீர்க் கிணற்றை உரசிக்கொண்டு போகும். ஐப்பசி கார்த்திகை மழையில் அது கிணற்றுக்குள்ளேயே இறங்கும். உடனே வாந்திபேதி. ஒவ்வொரு வருஷமும் பள்ளத் தெருவில் ஏதாவது ஒரு வீட்டில் குழந்தை போகும்.

அப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தான் கன்னியம்மா. பாதையோரம் கீற்றுக் கொட்டகையில் டீயும் போண்டாவும் விற்றாள். என்னைவிடச் சில வயது மூத்தவள். அவளுடைய மூத்த பையன், பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வயதில், ஒரே ராத்திரியில் போய்விட்டான். நான் முதல்முறை அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போனபோது வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்புறம் ஒரு பெண் பிறந்தது. செல்வி என்று பெயர். அந்தக் குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுப்பாள். ஆனால் குழந்தை என்றால் தவழும், கண்ட தண்ணீரில் கையை விடும், வாயில் வைக்கும். மழைக்காலம் வந்தால் அவள் தூங்குவதில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

அந்த ஊரில்தான் சபாபதி சார் ஒரு பாசிக்குளம் வெட்ட அனுமதி வாங்கினார். கழிவுநீரை மெஷின் இல்லாமல், வெயிலை வைத்தே சுத்தம் செய்கிற குளம். சரிவு பார்த்ததில் பாதையோரம் தூர்ந்து கிடந்த ஒரு பழைய குட்டைதான் அகப்பட்டது. தெருத் தண்ணீரையெல்லாம் சிமெண்டு வாய்க்காலில் திருப்பி, கம்பித் தடுப்பில் குப்பையை நிறுத்தி, மணல் தொட்டியில் மண்ணைத் தங்கவைத்து, குளத்துக்குள் விட்டோம். குப்பை வாருவதற்கு நீளக் கழி போட்ட வாரி ஒன்று செய்து கொடுத்தார். எந்த ஆளும் எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்கக் கூடாது என்பது அவர் போட்ட முதல் உத்தரவு. மனிதனை இறக்கிச் சுத்தம் செய்வதானால் நாம் எதற்கு இஞ்சினியரிங் படித்தோம் என்பார்.

முதல் சில வாரம் நாற்றம் தாங்கவில்லை. ஊர்க்காரர்கள் எங்கள் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினார்கள். புட்டியில் வெள்ளை, வெள்ளை, வெள்ளை. வெயில் ஏற ஏற ஒருநாள் குளம் பச்சையாகத் திரும்பியது. பாசி வந்துவிட்டால் அது பகலெல்லாம் தண்ணீருக்குள் ஆக்சிஜனை விடும். அதை மூச்சாக வாங்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அழுக்கைத் தின்னும். அவ்வளவுதான் தத்துவம். அன்று கன்னியம்மா கடைப் பெஞ்சில் வைத்துத்தான் சோதனை செய்தேன். முதல்முறையாகப் பழுப்பு. அவளும் எட்டிப் பார்த்தாள். ஆசிட் விட்டதும் தெளிந்த நிறத்தைப் பார்த்து, "இன்னா லேபம்மா, என் டீயவிட ஸ்ட்ராங்கா கீது" என்றாள். லேப் அம்மா என்பது அவள் வாயில் அப்படி ஆகியிருந்தது. சபாபதி சார் கரையில் உட்கார்ந்து, குளத்தைப் பார்த்தபடி தயிர்சாத டப்பாவைத் திறந்தார். அவருடைய கணக்கில் அதுதான் திறப்பு விழா. இங்கே உட்கார்ந்து சாப்பிட முடியாவிட்டால் குளம் தயாராகவில்லை என்று அர்த்தம் என்பார்.

அந்த மழைக்காலத்தில் பள்ளத் தெருவில் வாந்திபேதி இல்லை. அடுத்த மழைக்கும் இல்லை. குளத்திலிருந்து வெளியேறிய தண்ணீரில் தீவனப்புல் போட்டார்கள், மாடுகள் நன்றாகக் கறந்தன. எனக்கு அந்த ஊருக்குப் போவதென்றாலே பிறந்த வீட்டுக்குப் போவதுபோல இருக்கும். மத்தியான வெயிலில் சாம்பிள் எடுத்தால் எண் பிரமாதமாக வரும். மேலிடத்துக்குக் காட்ட அது போதும். ஆனால் பாசிக்கும் இருட்டில் வேலை இல்லையே. குளம் உண்மையில் எப்படி இருக்கிறது என்று விடியற்காலைத் தண்ணீர்தான் சொல்லும். அதனால் முதல் பஸ்ஸில் போய்விடுவேன். கன்னியம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பாள். செல்வி அவள் முந்தானையைப் பிடித்தபடி நிற்கும்.

ஒருநாள் போனபோது குளத்தின் கரையில், தண்ணீரை ஒட்டி, ஒரு கல் நட்டு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. யார் வைத்தது என்று கேட்கத் தேவையே இல்லை. கன்னியம்மா வெட்கப்பட்டுக்கொண்டு, பச்சையம்மா என்றாள். எங்கள் பக்கத்தில் பச்சையம்மன் பெரிய தெய்வம். குளமோ பச்சை. தன் தெருவுக்கு வந்த எமனை நிறுத்தியது இந்தக் குளம் என்றால், அதில் இருப்பது வேறு யாராக இருக்க முடியும்? சபாபதி சாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துவிட்டு, "நம்மளவிட அவங்களுக்கு நன்றி தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் தீபம் வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம். தீபத்தன்று ஊர் ஊராக ஜனம் வந்து மலையைச் சுற்றும். நான் பாதையோரக் கிணறுகளுக்கு மருந்து போடும் வேலையில் இருந்தேன். காலையில் மருதேரிப்பட்டு வந்து சேர்ந்தேன். குளத்தில் திருவிழாக் கூட்டம். ஆண், பெண், குழந்தை, சாமியார் எல்லோரும் முங்கி எழுந்துகொண்டிருந்தார்கள். பாதையோரம் குளம், கரையில் மஞ்சள் பூசிய கல், எதிரே கற்பூரம் விற்கும் இரண்டு கடை. மலையைச் சுற்றி எத்தனையோ தீர்த்தம், இதுவும் ஒன்று என்று இறங்கிவிட்டார்கள். நாங்கள் ஒற்றை ஆளைக்கூட இறக்காத குளத்தில் ஒரு நாட்டையே இறக்கிவிட்டது அந்தக் கல்.

இது கழிவுநீர்க் குளம், குளிக்கக் கூடாது என்று நாங்கள் எழுதி வைத்திருந்த பலகை மேல் ஈரத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் தொண்டை கிழியக் கத்தினேன். தெற்கேயிருந்து வந்த ஒரு பெரியவர் தலையைத் துவட்டியபடி நிதானமாகச் சொன்னார்: "எல்லாக் குளமும் பச்சைதாம்மா. எங்க ஊர் தெப்பக்குளம் இதவிடப் பச்சை." எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விடுதிப் பிள்ளைகளின் கழிவறைத் தண்ணீரில் கைக்குழந்தையை முக்குகிறார்கள். ஓடி ஓடி, குழந்தை வைத்திருப்பவர்களை மட்டுமாவது கெஞ்சித் திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் குளம் கறுத்துவிட்டது. அத்தனை கால்கள் மிதித்ததில் அடியில் தங்கியிருந்த சேறெல்லாம் மேலே வந்து, பாசி செத்து, பழைய நாற்றம் திரும்பிவிட்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஊர்த் தலைவர் முனுசாமி ஆட்களை விட்டுக் கழிவுநீர் உள்ளே வரும் வாயை மணல் மூட்டை போட்டு அடைத்துவிட்டார். டவுனில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி அந்தத் தீர்த்தத்துக்குக் கருங்கல் படிக்கட்டு கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். படிக்கட்டு வந்தால் ஊருக்குப் பெயர் வரும். முனுசாமி கெட்ட மனிதர் இல்லை. குளம் வெட்ட முதலில் ஆள் அனுப்பியவரே அவர்தான்.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கூட்டம் போட்டோம்.

"சாமி வந்து உட்கார்ந்த எடத்துல சாக்கடைய வுடறது பாவம் சார். நேத்து எத்தினி ஜனம் பாத்தீங்க இல்ல" என்றார் முனுசாமி. அது சாக்கடைக் குளம்தானே என்று எங்கள் ஆள் ஒருவர் சொல்லிவிட, பின்னாலிருந்தவர்கள் கத்தினார்கள். சபாபதி சார் கண்ணாடியைத் துடைத்தார். ஓய்ந்ததும் மாட்டிக்கொண்டு, அடைத்த தண்ணீர் இப்போது எங்கே போகும் என்று கேட்டார். பழைய வழியில்தான் என்றார் யாரோ. பழைய வழி என்றால் கிணற்று வழி. அது எல்லோருக்கும் தெரியும். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் கன்னியம்மா செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கல்லும் வேண்டும், கிணறும் வேண்டும். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாத முகம் அது.

திரும்பும்போது நான் கொதித்துக்கொண்டிருந்தேன். போலீஸை வைத்து மூட்டையை எடுத்துவிடலாம் என்றேன். எடுக்கலாம், நாளைக்கு மறுபடி வைப்பார்கள், போலீஸ் எத்தனை நாள் மூட்டைக்குக் காவல் இருக்கும் என்றார் சார். பிறகு குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "நீங்க போய் அந்தக் கடைக்கார அம்மாகிட்டப் பேசுங்க. சட்டம் பேசாதீங்க. புட்டிய எடுத்துட்டுப் போங்க" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். இரவு பெய்த தூறலிலேயே கழிவுநீர் பள்ளத் தெருவுக்குள் எட்டிப் பார்த்திருந்தது. குளத்தில் ஒரு புட்டி, கிணற்றில் ஒரு புட்டி எடுத்துக்கொண்டு கன்னியம்மா கடைப் பெஞ்சில் வைத்தேன். இரண்டிலும் மருந்து விட்டுக் கவிழ்த்துக் கலக்கினேன். கிணற்றுப் புட்டியில் பழுப்பு. இன்னும் கெடவில்லை. குளத்துப் புட்டியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. எத்தனையோ விடியற்காலையில் பழுப்பைப் பார்த்துப் பழகியவள் அவள்.

"இன்னா லேபம்மா, வெள்ளையா கீது?"

"மூச்சு இல்லக்கா. உள்ள இருக்கிற அத்தனைக்கும் மூச்சு முட்டிப் போச்சு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கோபம் வந்துவிட்டது. "என் புள்ள எந்தத் தண்ணியால போனான்னு எனக்குத் தெரியும். அந்தத் தண்ணிய இவ வாங்கிக்கினா. அதுக்குத்தான் கல்லு வெச்சேன். நேத்து கூட்டத்துல உங்க ஆளுங்க அவளயே சாக்கடைன்றாங்க."

"நான் அப்படிச் சொல்லலக்கா. அவ சாக்கடையத் தின்னறவ. ஊரு அழுக்கெல்லாம் அவளுக்குச் சோறு. தின்னு முடிச்சு நல்ல தண்ணியாக் குடுக்கறா."

இதைப் பெரிய யோசனை செய்து சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, பாசிக்குளம் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மட்டும் அதை வேறு மாதிரி கேட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

"அப்போ மூட்ட போட்டு அடச்சது?"

"பட்டினி போட்டது."

"எறங்கிக் குளிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "சோத்துல கால வெச்சது."

பாலை இறக்கி வைத்துவிட்டு, செல்வியை என் மடியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் புடவை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கரையில் நட்ட கல்லைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு பாதையோரத்துக்கு வந்து, முகத்தைப் பாதைப் பக்கம் திருப்பி நட்டாள். கல்லுக்குப் பின்னால் நான்கு மூங்கிலை ஊன்றிப் புடவையைக் குறுக்கே கட்டினாள். குளம் மறைந்துவிட்டது. பிறகு நேராக வாய்க்காலுக்குப் போய் ஒரு மூட்டையை இழுத்தாள். அது நகரவில்லை. குழந்தையைப் பெஞ்சில் விட்டுவிட்டு நானும் ஓடி இழுத்தேன். பட்டப்படிப்பெல்லாம் அந்த மூட்டையிடம் செல்லுபடியாகவில்லை.

சேதி கேட்டு முனுசாமி நாலு பேரோடு வந்தார். என்ன செய்கிறாய் என்று அதட்டினார். அவள் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

"பெரிய கோயில்ல சாமிக்கு நைவேத்தியம் வெக்கும்போது திரை போடறாங்களே, நீ விலக்கிக்கினு உள்ள போவியா, மாமா? எங்கம்மா சாப்பிட்டுக்கினு கீறா. நீ எலையப் புடுங்கி வெச்சுட்ட."

எங்கள் ஊர் ஜனங்களுக்குத் திரை என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை. திரை போட்டுவிட்டால் எவ்வளவு பெரிய மனிதனாக இருந்தாலும் வெளியே கைகட்டி நிற்பான். யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். முனுசாமி புடவையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், தெருவுக்குள் இறங்கிய தண்ணீரைப் பார்த்தார். அம்மாவைப் பட்டினி போட்ட ஊர் என்று பெயர் வேண்டாம் என்று முணுமுணுத்துவிட்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முதல் ஆளாக மூட்டையில் கை வைத்தார். அன்று சாயங்காலம் கனமழை. தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து சபாபதி சார் வந்தார். வழக்கம்போல மோந்து பார்த்தார். திரைக்கு முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டார். தான் வெட்டிய குளத்துக்குள் போக, டீக்கடைக்காரியிடம் அனுமதி கேட்டார். "நாங்க உள்ள போலாமாம்மா?"

கன்னியம்மா தயங்கவில்லை. "நீங்க பரிமாறவங்க. போலாம்."

பயிற்சியில், மாநாட்டில், ஓய்வு பெற்ற நாளில் என்று என் வேலையைப் பற்றிப் பலர் பல விதமாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். இதற்கு மேல் ஒருவரும் சொன்னதில்லை. சார் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

அவர் செய்த வேலை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வந்தவர்கள் கேட்டது தண்ணீர்தானே, நாம் பலகையைக் கொடுத்தோம் என்றார். ஜவுளிக்கடை முதலாளியிடம் நேரில் போய்ப் பேசி, படிக்கட்டுக்கு வைத்திருந்த கருங்கல்லைக் கொண்டு பாதையின் எதிர்ப்பக்கம் ஒரு மேடை போடவைத்தார். வேறு கிணற்றிலிருந்து குழாய் இழுத்து வரிசையாகக் கொட்டவிட்டார். நடந்து வந்தவர்கள் அலுப்புத் தீரக் குளித்தார்கள். அந்தத் தண்ணீரும் வாய்க்கால் வழியாகக் குளத்துக்குத்தான் வந்தது. இதைச் சொன்னபோது கன்னியம்மாவுக்கு ஒரே பெருமை, அம்மாவுக்குச் சோறு ஜாஸ்தி ஆகிவிட்டது என்று.

புட்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. வெள்ளை, அழுக்கு வெள்ளை, பிறகு ஒருநாள் லேசான பழுப்பு. தை மாத வெயில் ஏறிய பிறகு ஒரு விடியற்காலை நல்ல பழுப்பு வந்தது. ஆசிட் விட்டுத் தெளிந்ததும் கன்னியம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தெருவுக்கே காட்டினாள். அடுத்த தீபத்துக்கு நானும் போய் நின்றேன். ஜனங்கள் திரைக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு எதிர்ப்பக்கம் குளிக்கப் போனார்கள். எப்போது திரை திறக்கும் என்று ஓர் அம்மாள் கேட்டார். "இத்தினி ஜனம் வந்தா அவ எப்ப சாப்ட்டு முடிக்கிறது? நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் கன்னியம்மா, டீ ஆற்றிக்கொண்டே.

அதற்குப் பிறகு நான் பல ஊர்களுக்கு மாற்றலாகிப் போனேன். பெரிய நிலையங்கள், பெரிய மெஷின்கள் எல்லாம் பார்த்தேன். சபாபதி சாரும் இல்லை, கன்னியம்மாவும் இல்லை. பாசிக்குளம் இருந்த இடத்தில் இப்போது உங்கள் மோட்டார் ஓடுகிறது. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஊர் பெருத்துவிட்டது, பசியும் பெருத்திருக்கும். மோட்டார் வேண்டியதுதான்.

தம்பி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் வேலி ஆளை நிறுத்தும், அந்தத் துணி மனசை நிறுத்தும். தீபத்தன்று வருகிற கூட்டத்துக்கு இரண்டும் வேண்டும். மேலதிகாரி கேட்டால் இதைப் படிக்கக் கொடுங்கள். துணி மாற்ற வருகிற அந்த டீக்கடைக்கார அம்மாவிடம் பெயர் கேளுங்கள். செல்வி என்று சொன்னால், அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதையும், அவன் போன வழியில் அவள் போகவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். நீங்கள் பரிமாறுகிறவர், உங்களை யாரும் தடுக்க மாட்டார்கள்.